பாடம் நடத்தாத பேராசிரியர்

மெண்டலின் பட்டாணிச் செடியைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யாத மாணவர் நம்மில் யாரும் இல்லை. டான் ஜியாசெனின் பொறிவண்டையோ பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான் அறிந்தேன்.

1909இல் நிங்போவில் பிறந்த டான், 1936இல் அமெரிக்காவின் கால்டெக்கில், மோர்கனின் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டம் பெற்றார். மறு ஆண்டே சீனா திரும்பினார். ஜப்பானியப் படையெடுப்பால் அவர் பணியாற்றிய செஜியாங் பல்கலைக்கழகம் குய்சோ மலைப்பகுதிக்கு இடம்பெயர்ந்தது. அங்கே ஒரு பழைய குலக்கோயிலில் இருந்தபடி பொறிவண்டுகளை ஆராய்ந்தார். தாய்வழிக் கறுப்பும் தந்தைவழிக் கறுப்பும் ஒன்றையொன்று மறைக்காமல், குட்டி வண்டின் சிறகில் அதனதன் இடத்தில் தோன்றுவதைக் கண்டார். 1946இல் அதை வெளியிட்டார்.

1950களின் தொடக்கத்தில் சீனா, சோவியத்தின் லைசென்கோ கோட்பாட்டைத் தழுவியது. மரபணு வெறும் முதலாளித்துவக் கற்பனை என்று ஒதுக்கப்பட்டது. லைசென்கோவைக் கற்பிக்க டான் மறுத்தார். அதற்குப் பதில், ஃபூடான் பல்கலைக்கழகத்தில் மரபியலே நடத்தாமல் இருந்துவிட்டார். 1956 சிங்தாவ் மாநாட்டில்தான் வெளிப்படையாகப் பேச வழி பிறந்தது.

மௌனம் ஒரு வீரமா என்று கேட்கலாம். அவருடைய மாணவர்களுக்குச் சில ஆண்டுகள் மரபியல் கிடைக்காமல் போனது உண்மை. அது சிறிய இழப்பன்று. ஆனாலும் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆசிரியர் எதிர்பார்க்கும் விடையை, நம்பாமலேயே, இரண்டு மதிப்பெண்ணுக்காக எழுதியவன் நான். அவர் பணயம் வைத்தது தம் வாழ்க்கைத் தொழிலை.

1961இல் ஃபூடானில் மரபியல் ஆய்வுக்கழகம் அமைந்தபோது, அதற்குத் தலைமையேற்றவர் டான்தான்.