துபாஷிக்கு ஒரு ஆபரேஷன்

நேற்று ராத்திரி நான் தூங்கும்போது என் செல்போன் தன்னைத்தானே அப்டேட் பண்ணிக்கொண்டு, காலையில் சமர்த்தாக 'முடிந்தது' என்றது. எனக்கு 1999 அக்டோபர் ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கியது.

அப்போது சென்னையில் ஓர் ஆபீஸில் கம்ப்யூட்டர்களை மேய்த்துக்கொண்டிருந்தேன். ஆபீஸுக்குள் ஓடிய மெயில் ஒரு பாஷை பேசும். வெளியே இன்டர்நெட் எஸ்.எம்.டி.பி. என்று வேறு பாஷை பேசும். நடுவில் மொழிபெயர்க்க, மூலையில் ஓர் அழுக்கு 486. அதுதான் கேட்வே. டூப்ளேக்கு ஆனந்தரங்கப் பிள்ளை மாதிரி எங்களுக்கு அது. துபாஷி!

துபாஷிக்கு ஒரு வியாதி. வருஷத்தை 1900-லிருந்து எண்ணி, முன்னால் 19 என்று ஒட்டிவிடும். 99 வரை சரி. அடுத்தது? 19100! புத்தாண்டு பிறந்தால் எங்கள் கடிதமெல்லாம் பதினேழாயிரம் வருஷம் கழித்து எழுதியதாகப் போய்ச் சேரும். 1982-ல் போட்ட இமெயில் விதியில் வருஷத்துக்கு இரண்டு இலக்கம்தான். 1989-லேயே நாலாக்கச் சொல்லிவிட்டார்கள். எங்கள் ஆள் காதில் வாங்கவில்லை.

மருந்து மூன்று ஃப்ளாப்பிகளில் வந்தது. சனிக்கிழமை மதியம், ஆபீஸ் காலி. கேட்வேயை நிறுத்தினேன். பழைய எக்ஸி ஃபைல்களுக்குப் பேரை மாற்றி ஓரமாக வைத்தேன். (என் வாழ்க்கையில் நான் செய்த சில நல்ல காரியங்களில் ஒன்று.) புதுசைக் காப்பி பண்ணினேன். எனக்கே ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தேன். போனது, வந்தது. சினிமாவுக்குப் போய்விட்டேன்.

திங்கள் காலை அக்கவுண்ட்ஸ் பெரியவர் வந்து நின்றார். மகள் அமெரிக்காவில் நிறைமாதம். அவர் வீட்டில் போன் கிடையாது.

''தம்பி, ஏதாவது வந்துச்சா?''

''இல்லையே சார்...''

''நாள் தாண்டிப் போச்சுப்பா'' என்றார். நாற்காலியில் உட்காரவில்லை, பிடித்துக்கொண்டார்.

சந்தேகம் வந்து உள்ளே தேடினேன். 41 கடிதங்கள், சனிக்கிழமை காலையில் வந்தவை, க்யூவில் அப்படியே! புது புரோகிராமுக்கு க்யூ ஃபைலின் அமைப்பே வேறு. பழசைப் பார்த்து, புரியாமல், ஒரு வார்த்தை சொல்லாமல் தாண்டிப் போயிருக்கிறது. ஃப்ளாப்பியோடு வந்த தாளில் இரண்டாவது வரி: 'முதலில் க்யூ காலியாகும்வரை காத்திருக்கவும்.' நான் மூன்றாவது வரியிலிருந்து ஆரம்பித்திருந்தேன்.

கை நடுங்க, புதுசை நிறுத்தி, பழைய ஃபைல்களுக்குப் பழைய பேரைக் கொடுத்து எழுப்பினேன். கிழட்டு துபாஷி பத்து நிமிஷத்தில் 41-ஐயும் பெயர்த்துக் கொடுத்தது. அதற்கப்புறம்தான் புதுசு.

பெரியவருக்கு வந்தது ஒன்றரை வரி. பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். என்னைத் திட்டியிருக்கலாம். மாலையில் மைசூர்பாகு கொடுத்தார்.

ஆகவே, கம்ப்யூட்டர் மேய்க்கும் தம்பிகளே! க்யூவைக் காலி செய்யுங்கள். பழசை அழிக்காதீர்கள். தாளை முதல் வரியிலிருந்து படியுங்கள்.

பிரசவம் என்னவோ அமெரிக்காவில்தான். வலி, சென்னையில் எனக்கு!