ஜீவிகாவைப் பட்டுவாடா அலுவலகம் ஆக்காதீர்கள்

2025 செப்டம்பர் 26 அன்று பிகாரில் 75 லட்சம் பெண்களின் வங்கிக் கணக்கில், தொழில் தொடங்கவென்று தலா 10,000 ரூபாய் வரவு வைக்கப்பட்டது. ஒரே நாளில் 7,500 கோடி ரூபாய். ஆறு வாரத்தில் சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு தொடங்கியது. தேசிய ஜனநாயகக் கூட்டணி 243 தொகுதிகளில் 202-ஐ வென்றது. பணம்தான் வாக்காக மாறியதா என்ற சண்டை அன்று முதல் ஓய்ந்தபாடில்லை. அந்தப் பணத்தைக் கொண்டுசேர்த்த அமைப்பு எது, அதன் கதி இனி என்ன என்று கேட்கத்தான் ஆளில்லை.

அந்த அமைப்பின் பெயர் ஜீவிகா, மாநில அரசின் ஊரக வாழ்வாதார இயக்கம். கிராமத்தில் ஜீவிகாவின் சுயஉதவிக் குழுவில் இருந்தால்தான் பணம், இல்லாதவர்கள் சேர விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. வாரம் பத்து ரூபாய் சேமிக்கவும், பத்துப் பேர் முன்னால் கடன் கேட்டு வாங்கித் தவணை தவறாமல் கட்டவும் பழகுவதற்காக உண்டான குழுக்கள் அவை. பத்தாயிரம் வாங்குவதற்காக அதில் ஆள் சேர்த்தார்கள். தொழில் தொடங்கியவர்களுக்கு ஆறு மாதம் கழித்து ஆய்வு செய்து, இரண்டு லட்சம் ரூபாய் வரை மேலும் தரப்படும் என்கிறது அரசு. படிவம் வாங்குவதும் ஆதார் சரிபார்ப்பதும் ஊர்ப் பெண்களின் தலையில் விழுந்த வேலை. நாளைக்கு வீடு வீடாகப் போய் ஆய்வு செய்வதும் அவர்கள் தலையில்தான் விழும்.

ஜீவிகா எப்படி வளர்ந்தது என்று தெரிந்தால்தான் இந்தப் பட்டுவாடா வேலையால் வரும் சேதம் புரியும். உலக வங்கிக் கடனுதவியுடன் 2007-ல் நாலந்தா, கயா, ககரியா, முசாபர்பூர், பூர்ணியா, மதுபனி ஆகிய ஆறு மாவட்டங்களில் வேலை தொடங்கியது. ஊருக்குள் முதலில் போனவர்கள் அதிகாரிகள் அல்ல. ஆந்திரத்தில் குழுக்கள் மூலம் வறுமையிலிருந்து மீண்ட ஏழைப் பெண்கள் அங்கிருந்து வந்தார்கள். பாஷை சரியாகத் தெரியாத ஊரில் தங்கி, தலித் குடியிருப்புகளில் உட்கார்ந்து, தங்கள் கதையைச் சொல்லிக் குழுக்களை அமைத்தார்கள். பிறகு அந்தந்த ஊரிலேயே ஓரளவு படித்த ஒருவரைச் சமுதாய ஊக்குநராக அமர்த்தினார்கள். பத்துப் பன்னிரண்டு குழுக்களை அவர் பார்த்துக்கொள்வார். கூட்டம் நடக்கிறதா, சேமிப்பு வருகிறதா, நோட்டில் கணக்கு ஏறுகிறதா, கடன் வாங்கியவர் வீட்டில் என்ன பிரச்சினை, எல்லாம் அவர் பொறுப்பு. முக்காட்டை விலக்கி, ‘இன்னார் மனைவி’ என்றில்லாமல் தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ள ஒரு பெண்ணைப் பழக்குவதற்கே மாதங்கள் ஆகும். அந்த மாதங்களை அவர்கள் செலவழித்தார்கள்.

பலன் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு புள்ளிவிவரம் உண்டு. இதை நான் எங்கே போனாலும் சொல்கிறேன், இங்கேயும் சொல்கிறேன். விவியன் ஹாஃப்மன், விஜயேந்திர ராவ் உள்ளிட்ட பொருளியலாளர்கள் பிகாரில் 180 ஊராட்சிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஜீவிகா முதலில் நுழைந்த ஊர்களையும் நுழையாத ஊர்களையும் ஒப்பிட்டார்கள். புதிதாக வாங்கிய கடன்களுக்கு ஆண்டு வட்டி சராசரி 69 சதவீதமாக இருந்த இடத்தில், இரண்டே ஆண்டில் அது 58 ஆக இறங்கியது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஏறக்குறைய ஆறு வட்டி ஐந்து வட்டிக்கு வந்தது. குழுக் கடனோ இரண்டு வட்டி. எந்தச் சட்டமும் எந்தக் காவல் நிலையமும் வட்டிச் சுமையை இப்படி இறக்கியதில்லை.

கணக்கை இன்னும் ஒரு படி போட்டுப் பாருங்கள். 10,000 ரூபாய் கடனுக்கு 69 சதவீதத்தில் ஆண்டு வட்டி 6,900 ரூபாய். அதே கடன் குழுவில் 2,400 ரூபாய். மிச்சம் 4,500. வெளிக்கடனைக் குழுவுக்கு மாற்றிக்கொண்ட ஒரு குடும்பம் மூன்றே ஆண்டில் 13,500 ரூபாய் மிச்சப்படுத்துகிறது. அரசு ஒரே தடவை கொடுத்த பத்தாயிரத்தைவிட இது அதிகம், ஆண்டுதோறும் தொடரக்கூடியது, எந்தக் கட்சிக்கும் நன்றிக்கடன் இல்லாதது. இதைச் சாதித்தது வாராந்தரக் கூட்டமும் கணக்கு நோட்டும். அந்த நோட்டை எழுதவைத்தவர் ஊக்குநர்.

அவரைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. ஸ்ருதி மஜும்தார், விஜயேந்திர ராவ், பரோமிதா சான்யால் மூவரும் ஜீவிகாவின் முதல் கட்டத்தையும், மாநிலம் முழுக்க விரிந்த அடுத்த கட்டத்தையும் அருகிலிருந்து பார்த்து எழுதினார்கள். முதல் கட்டத்தில் ஊக்குநர்கள் ஊருக்குத் தக்கபடி யோசித்தார்கள், பேசினார்கள், நேரம் எடுத்துக்கொண்டார்கள். விரிவாக்கத்தில் எல்லாம் இலக்கு, எல்லாம் ஒரே மாதிரி. எத்தனை குழு அமைத்தாய், எத்தனை கணக்கு தொடங்கினாய் என்பதே கேள்வி. ஊக்குநர்கள் சலித்துப்போனார்கள், வேலை இயந்திரத்தனமாகிவிட்டது. 2017-லேயே வெளிவந்த எச்சரிக்கை இது. பாட்னாவில் யார் படித்தார்கள்?

சம்பளத்துக்கு வருவோம். தேர்தல் ஆண்டான 2025-ன் ஜூன் மாதம், ஜீவிகாவின் 1.40 லட்சம் பணியாளர்களின் மதிப்பூதியம் இரட்டிப்பாகும் என்று அப்போது முதல்வராக இருந்த நிதிஷ் குமார் அறிவித்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக ஊரைத் தூக்கி நிறுத்திய பெண்களின் ஊதியம், தேர்தல் வந்தால்தான் நினைவுக்கு வரும் என்றால் அது மரியாதை ஆகாது. செப்டம்பரில் ஒரே நாளில் போன 7,500 கோடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1.40 லட்சம் பேருக்கு மாதம் 15,000 ரூபாய் வீதம் கொடுத்தால் ஆண்டுக்கு 2,520 கோடி. அந்த ஒரு நாள் பணத்தில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகளுக்கு அத்தனை பேருக்கும் சம்பளம் கொடுத்திருக்கலாம். நிதி இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

மத்திய அரசும் இதில் சளைத்ததல்ல. மூன்று கோடிப் பெண்களை ‘லட்சாதிபதி சகோதரி’ ஆக்குவது அது அறிவித்த இலக்கு. ஊரில் வேளாண்மை சொல்லிக்கொடுக்கும் ‘கிருஷி சகி’ ஆண்டுக்குச் சராசரியாக 60,000 முதல் 80,000 ரூபாய் வரை ஈட்டலாம் என்று சொல்வதும் அதே அரசின் குறிப்புதான். பிறரை லட்சாதிபதி ஆக்கப் போகிறவரின் ஊதியம் லட்சத்தைத் தொடாது. குடும்ப வருமானத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று விளக்கம் சொல்வார்கள். ஊழியரின் கூலியைக் கணவரின் வருமானத்தோடு சேர்த்து எண்ணும் நியாயம் வேறு எந்த அரசுப் பணியில் இருக்கிறது?

எதிர்க்கட்சியும் வழி காட்டவில்லை. சமுதாய ஊக்குநர்களை நிரந்தர அரசு ஊழியர்களாக்கி மாதம் 30,000 ரூபாய் தருவோம் என்றார் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த தேஜஸ்வி யாதவ். அப்படிச் செய்தால் ஊக்குநர் வட்டார அலுவலகத்துக்குப் பதில் சொல்வார், ஊருக்குச் சொல்ல மாட்டார். தன்னார்வம் என்றால் ஊதியம் கேட்கக் கூடாது என்போர், தங்கள் மாதச் சம்பளத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதைச் சொல்லட்டும்.

இந்தப் பெண்களுக்கு அரசியல் தெரியாது என்று எண்ணிவிட வேண்டாம். 2015 ஜூலையில் பாட்னா கூட்டமொன்றில் ஜீவிகா பெண்கள் எழுந்து, மதுவை ஒழியுங்கள் என்று முதல்வரிடமே கேட்டார்கள். மறு ஆண்டு ஏப்ரலில் மதுவிலக்கு வந்தது. அது எப்படி நடக்கிறது என்பது வேறு விவாதம். ஆனால் அன்று பேசியது பெண்கள், கேட்டது அரசு. இன்று அரசு அறிவிக்கிறது, பெண்கள் படிவம் நிரப்புகிறார்கள். பத்தே ஆண்டில் எவ்வளவு பெரிய சரிவு!

தமிழ்நாட்டு வாசகருக்கு இது அந்நியக் கதை அல்ல. 1989-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கியபோது, ஊக்குநரும் பிரதிநிதியும்தான் அவற்றைத் தாங்கினார்கள். இன்று எத்தனை ஊர்களில் குழுக் கூட்டம் தவறாமல் நடக்கிறது? கூட்டம் நின்ற இடத்தில் மைக்ரோ பைனான்ஸ்காரர் நுழைந்தார். வசூல் அடாவடியைத் தடுக்க 2025-ல் இங்கே சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. நாட்டிலேயே மைக்ரோ பைனான்ஸ் கடன் நிலுவை அதிகமுள்ள மாநிலம் என்ற இடத்துக்குத் தமிழ்நாட்டை முந்திக்கொண்டு வந்திருப்பது பிகார்.

செய்ய வேண்டியது தெளிவு. ஊக்குநர்களின் சம்பளத்துக்கான நிதியை அரசு நிரந்தர வைப்பாகக் குழுக் கூட்டமைப்புகளிடம் கொடுக்க வேண்டும். அமர்த்துவதும் நீக்குவதும் கூட்டமைப்பின் உரிமையாக வேண்டும். அரசின் பணப் பட்டுவாடாவுக்கு வங்கிகள் இருக்கின்றன. அந்த வேலையிலிருந்து குழுக்களை உடனே விடுவிக்க வேண்டும். பத்தாயிரத்துக்காகச் சேர்ந்தவர்களை வாரக் கூட்டத்தில் உட்காரவைத்துச் சேமிப்பு பழக்க ஊக்குநருக்கு ஓராண்டு அவகாசம் தர வேண்டும். இதைச் செய்யாவிட்டால், குழுக்கள் வலுவாக இருந்த ஆந்திரத்தில் 2010-ல் மைக்ரோ பைனான்ஸ் கடன் தொல்லையால் தற்கொலைகள் நடந்து, அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்த அந்த நிலை, அடுத்த சட்டமன்றத் தேர்தலுக்குள் பிகாருக்கு வந்தே தீரும்.