ஏட்டுச் சுரைக்காயும் ரிசோர்ஸ் மேப்பும்

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் தலை காட்டலை. ஆபீஸ்ல ஆணி அதிகம். அதுல ஒரு ஆணி நானே அடிச்சு, நானே மிதிச்சது. அந்தக் கதையையும், அதுக்கப்புறம் எனக்கு வந்த ஞானோதயத்தையும்தான் இன்னிக்கு எழுதப் போறேன். பொட்டி தட்டாத நண்பர்களும் தைரியமா படிக்கலாம் :-)

எங்க சர்வர் எல்லாம் அமேசானோட மும்பை ரீஜன்ல, மூணு ஜோன்ல இருக்கு. கூட்டம் ஏறினா புது சர்வர் தானா எழும்பும், குறைஞ்சா தானா அணைஞ்சுடும். முதல்ல ரெண்டு ஜோன்தான் இருந்துச்சு. மூணாவதைச் சேர்த்தது சாட்சாத் அடியேன். சேர்த்து ரெண்டு மாசம் ஒரு பிரச்சினையும் இல்லை. ஏன்னா கூட்டம் கம்மி, ரெண்டு சர்வரே போதுமா இருந்துச்சு. ஒருநாள் கூட்டம் ஏறுச்சு. எழும்பற சர்வர்ல மூணுக்கு ஒண்ணு பாதியிலேயே படுத்துக்கிச்சு. வெளியே போய் தனக்கு வேண்டிய பேக்கேஜை இறக்கிக்க அதால முடியலை. மத்த ரெண்டும் ஜம்முனு ஓடுது.

நான் என்ன பண்ணேன்? நான் வரைஞ்ச பிபிடி படத்தைத் திறந்து வச்சுக்கிட்டேன். அதுல மூணு பெட்டி, மூணுக்கும் ஒரே கலர், மூணுலயும் "பிரைவேட்"னு பேரு, மூணுல இருந்தும் அம்புக்குறி அழகா நாட் கேட்வேக்குப் போகுது. "ரூட்ல ஒண்ணும் பிரச்சினை இல்லை"னு சத்தியம் பண்ணிட்டு செக்யூரிட்டி குரூப், ஃபயர்வால், பேக்கேஜ் சர்வர்னு தேடினேன். ரெண்டு ராத்திரி போச்சு.

டீம்ல சேர்ந்து ஆறு மாசம் ஆன பொண்ணு ஒண்ணு, "அண்ணா, ரிசோர்ஸ் மேப்ல ஒரு தடவை பார்க்கலாமா?"ன்னுச்சு.

"அதெல்லாம் கிளையன்ட்டுக்கு டெமோ காட்டறதுக்கும்மா. நாம கமாண்ட் லைன்லயே பார்ப்போம்"னு சொன்னேன். சொல்லும்போது எவ்வளவு கெத்தா இருந்துச்சு தெரியுமா!

நல்லவேளை, அந்தப் பொண்ணு என் பேச்சைக் கேக்கலை.

அமேசான் வி.பி.சி, அதாவது நமக்குன்னு வேலி போட்டுத் தர்ற நெட்வொர்க், 2009ல வந்தது. அதோட பக்கத்துலயே இந்த ரிசோர்ஸ் மேப்பைக் கொண்டுவந்தது 2023ல. நாலு வரிசைதான். இடது ஓரத்துல வி.பி.சி. அடுத்து சப்நெட்டுகள், ஜோன் வாரியா. நம்ம பாஷைல சொன்னா, தெருக்கள். மூணாவது வரிசை ரூட் டேபிள், அதாவது தெருமுனைல இருக்கற கைகாட்டி. கடைசி வரிசை வெளியே போற வாசல்கள்: இன்டர்நெட் கேட்வே, நாட் கேட்வே. ஒரு சப்நெட் மேல மவுஸை வச்சா அது போற வழி மட்டும் பளிச்னு தெரியும்.

முதல் சப்நெட், கோடு நாட் கேட்வேக்குப் போச்சு. ரெண்டாவதும் அப்படியே. மூணாவது மேல மவுஸை வச்சா, கோடு வேற கைகாட்டிக்குப் போய், நேரா இன்டர்நெட் கேட்வேல முட்டுது. ரெண்டு நிமிஷம் கூட ஆகலை. நான் வாயை மூடிக்கிட்டேன்.

நடந்தது இதுதான். புது சப்நெட்டை எந்த ரூட் டேபிளோடயும் சேர்க்க நான் மறந்துட்டேன். சேர்க்கலைன்னா பிழைச் செய்தி எதுவும் வராது. சத்தமில்லாம அது மெயின் ரூட் டேபிளுக்குக் கீழே போயிடும். எங்க மெயின் டேபிள்ல எவரோ, எப்பவோ 0.0.0.0/0ன்னு போட்டு இன்டர்நெட் கேட்வேக்கு வழி விட்டிருக்காங்க. சர்வருக்கோ பப்ளிக் ஐ.பி. கிடையாது. அனுப்புனர் விலாசம் இல்லாம லெட்டர் போட்டா பதில் எப்படி வரும்?

இன்னொரு விஷயம்தான் வயித்தைக் கலக்குச்சு. அடுத்த மாசம் ஒரு டேட்டாபேஸை அதே சப்நெட்ல வைக்கறதா இருந்தோம். பேரு "பிரைவேட்", ஆனா வாசலுக்கு நேர் ரோடு! பப்ளிக் ஐ.பி. கொடுக்காத வரைக்கும், செக்யூரிட்டி குரூப் ஒழுங்கா இருக்கற வரைக்கும் யாரும் உள்ளே வந்திருக்க முடியாதுதான். ஆனா மூணு பூட்டு போட்டதா நினைச்சுக்கிட்டு ரெண்டு பூட்டோட தூங்கியிருப்போம். பிரைவேட்டுங்கறது நாம ஒட்டற சீட்டு, அவ்வளவுதான். நிஜத்தை முடிவு பண்றது ரூட் டேபிள்.

"கமாண்ட் லைன்ல பார்த்தியே, அதுல தெரியலையா?"ன்னு கேப்பீங்க. அந்த சப்நெட் ஐடியைக் கொடுத்து "இதோட ரூட் டேபிள் எது?"ன்னு கேட்டேன். வெறும் பட்டியல் வந்துச்சு. நேரடியா சேர்த்திருந்தாதான் அது காட்டும். நான் ஃபில்டரைத் தப்பா அடிச்சுட்டேன்னு நினைச்சு அடுத்த வேலைக்குப் போயிட்டேன். என் கருத்தே இதுதான் மக்களே: இருக்கற தப்பை எழுத்துல தேடிப் பிடிச்சுடலாம். இல்லாம போன ஒண்ணை எப்படித் தேடறது? படத்துல மூணு கோட்டுல ஒண்ணு திசை மாறினா கண்ணு தானா அங்கே போய் நிக்கும்.

"நாங்க எல்லாத்தையும் டெர்ராஃபார்ம்ல எழுதறோம், கோட்தான் உண்மை"ன்னு சில நண்பர்கள் சொல்வாங்க. நாங்களும் அதுலதான் எழுதறோம் சாமி. நான் விட்டது அதுல எழுத வேண்டிய ஒரே ஒரு பிளாக். கோட் ரிவ்யூல ரெண்டு பேர் பார்த்து ஓகே சொன்னாங்க. எழுதின வரியைத்தானே அவங்க படிப்பாங்க, எழுதாத வரியை யார் படிப்பா? நாம என்ன கேட்டோம்ங்கறதைத்தான் கோட் சொல்லும். அங்கே என்ன நிக்குதுன்னு மேப் சொல்லும்.

அதுக்காக மேப்பைக் கும்பிடவும் சொல்லலை. ரோடு இருக்கான்னுதான் அது காட்டும். அந்த ரோட்டுல யாரை விடுவாங்கன்னு காட்டாது. செக்யூரிட்டி குரூப் அதுல கிடையாது. சப்நெட் அம்பது அறுபதுன்னு போச்சுன்னா கோடெல்லாம் இடியாப்பம்தான். ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு நிஜமா போக முடியுமான்னு தெரியணும்னா 2020 கடைசில வந்த ரீச்சபிலிட்டி அனலைசர் இருக்கு. அதுக்குக் காசு உண்டு, மேப்புக்குக் கிடையாது.

ஆனா கையால வரைஞ்ச படத்தை விட இது எவ்வளவோ மேல். நம்ம பிபிடி, நாம ஆசைப்பட்டதை வரைஞ்ச படம். வரைஞ்ச மறுநாளே பழசு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாதுன்னு சும்மாவா சொன்னாங்க?

இப்போ அந்த பிபிடியைத் தூக்கியாச்சு. மெயின் ரூட் டேபிள்ல வெளிவழி எதுவும் வைக்கறதில்லை. யாராவது சேர்க்க மறந்தா வெளியே வழியே இருக்காது, உடனே தெரிஞ்சுடும். நெட்வொர்க்ல எதைத் தொட்டாலும் முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை மேப் பார்க்கணும்னு ரூல் போட்டாச்சு. போட்டது நான் இல்லை, அந்தப் பொண்ணு.

படம் பார்த்து வேலை செய்யறது கத்துக்குட்டிங்க சமாச்சாரம்னு நினைச்சிருந்தேன். கத்துக்குட்டிக்குத்தான் கண்ணு திறந்திருந்துச்சு.

டிஸ்கி: நாளைக்கு ஆபீஸ் போனதும் உங்க ஆர்க்கிடெக்சர் படத்தையும் மேப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. எத்தனை கோடு இடிக்குதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. எனக்குத் துணைக்கு ஆள் வேணும் ;-)