ஊர்க்காரன் எழுதும் மடல்

சேலம் அம்மாபேட்டையில் இருக்கும் பெரியப்பா, சித்தப்பாமார்களுக்கும், அத்தைமார்களுக்கும், என்னோடு தார் சுற்றி வளர்ந்த பங்காளிகளுக்கும் சிங்கப்பூரிலிருந்து வணக்கம்.

போன மாதம் நம் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. விசைத்தறிப் பட்டறை வாசலில் வடமாநிலப் பையன்கள் நான்கைந்து பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான் வீடியோ. ஆனால், இவர்களை இன்றைக்கு விரட்டாவிட்டால் நாளைக்கு நாம் அகதி என்று மேலே எழுதியிருந்தது. கீழே வரிசையாகக் கைதட்டல். அதில் இரண்டு, நான் இன்றும் பேர் சொல்லிக் கூப்பிடத் தயங்கும் பெரியவர்கள் போட்டவை.

அன்றைக்கே பதில் எழுத விரல் துடித்தது. "வெளிநாட்டுக் குடிமகனுக்கு எங்க ஊருப் பேச்சு எதுக்குப்பா?" என்று கேட்டுவிடுவீர்களோ என்ற பயத்தில் விட்டுவிட்டேன். கேட்டால் நியாயமும் உண்டு. இரட்டைக் குடியுரிமையை இந்தியாவும் ஏற்பதில்லை, சிங்கப்பூரும் ஏற்பதில்லை. அதனால் 2012-ல் என் இந்தியக் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது கையில் இருப்பது ஓசிஐ அட்டை. அதை வைத்துக்கொண்டு ஊருக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. பாட்டியின் பேச்சு மட்டும் எந்த அலுவலகத்திலும் திருப்பிக் கொடுக்க முடியாதபடி என்னோடு இருக்கிறது.

பாட்டி வீட்டுக்குள் பேசியது கன்னடம். கன்னடம் என்று நாம் நம்பிக்கொண்டிருந்தோம். இங்கே உடன் வேலை செய்த மைசூர்க்காரர் கேட்டுவிட்டு, பாதிதான் புரிகிறது என்றார். இரண்டு தெரு தள்ளி சௌராஷ்டிரம். அவர்களுடைய முன்னோர் குஜராத்திலிருந்து விஜயநகரம் வழியாக வந்தவர்கள். அதற்கப்பால் தெலுங்கு. தமிழே தாய்மொழியாகக் கொண்ட செங்குந்தர் வீடுகள் நடுநடுவே. பாவு ஓட்ட ஆள் குறைந்தால் எந்த வீட்டிலிருந்தும் ஆள் வருவார்கள், எந்த மொழியிலும் திட்டு விழும்.

இத்தனை பேரும் தமிழர் ஆனது எப்படி? யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை. டீக்கடையில் ஒருவர் தினத்தந்தியை உரக்கப் படிக்க, ஒன்பது பேர் கேட்டார்கள். தறிச் சத்தத்துக்கு மேலே இலங்கை வானொலி பாடியது. ஏற்காடு சாலையில் இன்னும் வளைவு மட்டும் நிற்கிறதே, அந்த மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோ, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படத்தை 1956-ல் எடுத்தது. அதற்கு முன்பே, 1938-ல், மலையாளத்தின் முதல் பேசும்படத்தையும் அங்கேதான் எடுத்தார்கள். 1917-ல் நகராட்சித் தலைவராக ராஜாஜியை உட்காரவைத்ததும் நம் சேலம்தான். அவர் சென்னை மாகாணப் பிரதமராகிப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். அதற்குச் சில வருடம் கழித்து, 1944-ல், நீதிக்கட்சி 'திராவிடர் கழகம்' என்று பெயர் மாற்றிக்கொண்டதும் இதே சேலத்து மாநாட்டில். காந்தி படமும் பெரியார் படமும் ஒரே சுவரில் தொங்கிய வீடுகளில் நாம் வளர்ந்தோம். யாருக்கும் தலை சுற்றவில்லை.

பள்ளி மைதானத்தில் கை கட்டி நின்று கேட்ட தமிழ்த்தாய் வாழ்த்தை நினைத்துப் பாருங்கள். அதற்கு இசையமைத்தவர் எம்.எஸ்.விஸ்வநாதன், பாலக்காட்டுப் பக்கத்து மலையாளி. பாடியவர் பி.சுசீலா, தெலுங்கு வீட்டுப் பெண். கூடப் பாடியவர் டி.எம்.சௌந்தரராஜன், மதுரை சௌராஷ்டிரர். இரண்டு தெரு தள்ளி இருப்பவர்கள் வீட்டில் பேசும் மொழிதான் அவருக்கும் தாய்மொழி. 'தமிழன்' என்று சொல்லும்போது நம் காதுக்குள் ஒலிக்கும் குரலே அவருடையதுதான்! இதைக் குழுவில் யாராவது ஃபார்வர்டு செய்து நான் பார்த்ததில்லை.

இங்கே வந்த பிறகு இன்னொன்று தெரிந்துகொண்டேன். தமிழ் முரசு 1935-ல் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் ஏடாகத் தொடங்கியது. அதை வளர்த்த கோ.சாரங்கபாணி திருவாரூரில் பிறந்தவர். ஐம்பதுகளில் அவர் தமிழர்களைப் பார்த்து, இந்த மண்ணின் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளுங்கள் என்று விடாமல் வற்புறுத்தினார். தமிழர் திருநாள் கொண்டாடச் சொன்னவரும் அவரே. தமிழனாக இருப்பதும் வேறு நாட்டுக் குடிமகனாக இருப்பதும் அவருக்கு ஒன்றையொன்று அடித்துக்கொள்ளவில்லை. என் பையன் பள்ளியில் தினமும் சொன்ன தேசிய உறுதிமொழியை 1966-ல் எழுதியவர் எஸ்.ராஜரத்தினம். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், அமைச்சராகும் முன் பத்திரிகைக்காரர். இனம், மொழி, மதம் பாராமல் ஒன்றுபட்ட மக்களாக இருப்போம் என்பது அதன் சாரம்.

உறுதிமொழி ஒரு பக்கம், தெரு ஒரு பக்கம். 2013 டிசம்பர் 8, ஞாயிறு. லிட்டில் இந்தியாவில் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்தார். கூட்டம் கொதித்தது, போலீஸ் வண்டிகளும் ஆம்புலன்ஸும் எரிந்தன. நாற்பது வருடத்துக்கும் மேலாக இங்கே அப்படி ஒன்று நடந்ததில்லை. மறுநாள் இணையத்தில் வந்த பின்னூட்டங்களைப் படிக்கப் படிக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. திருப்பி அனுப்பு, அடைத்து வை, குடிகாரக் கூட்டம். ஆனால் என்னைக் குத்தியது அதுவல்ல. பேருந்து நிறுத்தத்தில் நின்ற ஒரு பெரியவர், மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழர், பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "ஊர்க்காரப் பயலுவளால நமக்கும் கெட்ட பேரு." ஊர்க்காரன் என்றால் இங்கே இந்தியாவிலிருந்து வந்தவன். என் சட்டைப் பையில் இளஞ்சிவப்பு நிறக் குடிமக்கள் அடையாள அட்டை இருந்தது. எடுத்துக் காட்டவா முடியும்? காட்டியிருந்தாலும், அந்த அட்டை இல்லாத பையனுக்கு அது என்ன பதில்?

ஒன்பது வருடம் கழித்து, 2023 மார்ச்சில், அந்தச் சக்கரம் நம் பக்கம் சுற்றியது. தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை வெட்டுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. எங்கேயோ எப்போதோ நடந்தவற்றை வெட்டி ஒட்டியவை. பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே அனுப்பி விசாரித்தது. அன்று நம் குழுவில் எவ்வளவு கோபம்! தமிழனைப் பற்றி இப்படிப் பொய் பரப்பலாமா என்று பெரியப்பா ஒருவர் ஆறு நிமிடக் குரல்பதிவு போட்டார். நியாயமான கோபம். போன மாத வீடியோவுக்குக் கைதட்டியவரும் அவரே. பெரியப்பா கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தக் குரல்பதிவை நான் இன்னும் வைத்திருக்கிறேன், வேண்டுமானால் உங்களுக்கே அனுப்புகிறேன்.

வேலை போகிறது, கூலி ஏறவில்லை என்ற வயிற்றெரிச்சல் எனக்குப் புரியாமல் இல்லை. அப்பா குழித்தறியை விற்ற அன்று நானும் கூட நின்றேன். கூலியைக் குறைக்க ஆள் கொண்டுவருகிறவர் நம் பட்டறை முதலாளிதான், நமக்கெல்லாம் சொந்தம்கூட. அவரைப் பற்றி ஒரு ஃபார்வர்டும் வருவதில்லை.

ஆடித் திருவிழாவுக்கு வருகிறேன். போன தடவை வந்தபோது மாமா பட்டறையில் ஒரு பையன் நாடா மாற்றிக்கொண்டே செல்போனில் டி.எம்.எஸ். பாட்டுப் போட்டிருந்தான். தமிழ் எப்படிக் கற்றாய் என்று கேட்டேன், பாட்டைக் கேட்டுத்தான் என்றான். எந்த ஊர் என்று கேட்க மறந்துவிட்டேன். அவன் இன்னும் அங்கே இருந்தால் யாராவது கேட்டு வையுங்கள்.

அன்புடன்,
மூன்றாம் தெரு தறிக்காரர் வீட்டு இளையவன்