அன்னாசி ஜெல்லி உறையவில்லையா?

பழ ஜெல்லி செய்வது சுலபம். ஆனாலும், "ராத்திரி பூரா ஃப்ரிஜ்ஜில் வைத்தேன், தண்ணியாகவே இருக்கு!" என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. என்ன பழம் போட்டீர்கள் என்று முதலில் பாருங்கள். பச்சை அன்னாசி என்றால், குற்றம் உங்கள் கைப்பக்குவத்தில் இல்லை!

ஜெலட்டின் ஒரு புரதம். அன்னாசியில் புரதத்தைச் சிதைக்கும் என்ஸைம் இருக்கிறது. கறி சீக்கிரம் வேகப் பப்பாளிக்காய்த் துண்டு போடுகிறோமே, அதே சங்கதிதான். பழத்தைக் கொதிக்க வைத்துவிட்டால் என்ஸைம் செயலிழந்துவிடும். பப்பாளி, கிவிப் பழங்களுக்கும் இதே வைத்தியம்.

தேவையான பொருட்கள்:
ஜெலட்டின் தூள் – 1 மேஜைக்கரண்டி
பொடியாக நறுக்கிய அன்னாசி – 1 கப்
வடிகட்டிய ஆரஞ்சுச் சாறு – 1 கப்
சர்க்கரை – ½ கப்
விதையில்லாத திராட்சை – ½ கப்
தண்ணீர் – 1 கப்

செய்முறை:
¼ கப் குளிர்ந்த தண்ணீரில் ஜெலட்டினைப் பரவலாகத் தூவி, 5 நிமிஷம் ஊற விடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும். மீதித் தண்ணீரில் சர்க்கரை, அன்னாசி போட்டு 5 நிமிஷம் நன்றாகக் கொதிக்க விட்டு இறக்குங்கள். கொதி அடங்கியதும் ஜெலட்டினைச் சேர்த்து, முழுக்கக் கரையும்வரை கலக்குங்கள். ஜெலட்டின் சேர்த்தபின் அடுப்பில் வைத்துக் கொதிக்க விடாதீர்கள். உறையும் சக்தி குறைந்துவிடும். ஆறியதும் ஆரஞ்சுச் சாறு சேர்த்து ஃப்ரிஜ்ஜில் வையுங்கள் (ஃப்ரீஸரில் அல்ல). முட்டை வெள்ளைக்கருப் பதம் வந்ததும் திராட்சையைப் போட்டுக் கிளறிவிட்டால், பழங்கள் அடியில் தங்காது. இன்னும் 4 மணி நேரத்தில் ஜெல்லி தயார்.

சைவக்காரர்கள் கவனிக்க:
ஜெலட்டின் மாடு, பன்றி முதலியவற்றின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. பாக்கெட்டில் பழுப்பு முக்கோணக் குறி இருக்கும். அதற்குப் பதில் 5 கிராம் கடல்பாசியை (சைனா கிராஸ்) 1 கப் தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, முழுக்கக் கரையும்வரை கொதிக்க விடுங்கள். சர்க்கரை கரைந்ததும் இறக்கி, சில்லென்று இல்லாத சாறு, பழங்களைச் சேருங்கள். இது புரதமல்ல, பச்சை அன்னாசி போட்டாலும் உறையும். ஃப்ரிஜ்கூட வேண்டாம், வெளியில் வைத்தாலே உறைந்துவிடும்.

அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை:
ஜெலட்டின் வாயில் கரையும், கடல்பாசி கரையாது. வழுக்கிக்கொண்டு தொண்டையை அடைத்துவிடலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முழுத் திராட்சை வேண்டவே வேண்டாம். நீளவாக்கில் நான்காக நறுக்கிப் போடுங்கள். ஜெல்லியை ஸ்பூனால் மசித்து, குழந்தையை உட்காரவைத்து, பக்கத்திலிருந்தே ஊட்டுங்கள். ஓடி விளையாடும்போது வேண்டாம்!