வாளியா, வைக்கோல் கட்டா?

செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயை ஆறு வருடமாக ஒரு பெயர் வைத்து விற்று வருகிறார் வாசகர் ஒருவர். மஞ்சள் லேபிளில் காளை படம். இப்போது பக்கத்து டவுன்காரர் பெயரில் ஒரே ஓர் எழுத்தை மாற்றி, அதே மஞ்சளில் வண்டி மாடு படம் போட்டு விற்கிறாராம். ‘உங்க எண்ணெய் இந்தத் தடவை சிக்கு வாடை அடிக்குதே’ என்று வாடிக்கையாளர்கள் வந்து கேட்கிறார்களாம். பெயரைப் பதிவு செய்யவில்லை; என்ன செய்யலாம் என்பது அவர் கேள்வி.

வழி இருக்கிறது. அதற்கு முன், உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு பிஸ்கட் உறையின் கதை. பார்லே கம்பெனியின் பதிவு செய்த உறையில் ஒரு பண்ணை முற்றம். நடுவில் தண்ணீர் வாளியோடு ஒரு பெண், சுற்றி மாடுகள், கோழிகள். மைசூர்க் கம்பெனி ஒன்று விட்ட பிஸ்கட் உறையிலும் அதே பண்ணை, மாடு, கோழி, பெண். ஆனால் அவள் சுமப்பது வைக்கோல் கட்டு. வாளி வேறு, வைக்கோல் வேறு என்கிற ரீதியில் வித்தியாசங்களைக் கணக்கெடுத்து, கீழ் நீதிமன்றமும் மைசூர் உயர் நீதிமன்றமும் பார்லேயின் வழக்கைத் தள்ளிவிட்டன. 1972-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. இரண்டு உறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. இன்று ஒன்றைப் பார்த்தவர், இன்னொரு நாள் மற்றதைப் பார்த்தால் அதுதான் இது என்று எடுத்துவிடுவாரா என்பதே கேள்வி. சாதாரணமாகப் பொருள் வாங்குபவர் ஷெர்லாக் ஹோம்ஸ் போலத் துப்பறிகிறவர் அல்ல என்றது. சந்தையில் ஒரு கையில் பையும் மறு கையில் குழந்தையுமாக நிற்பவரை நினைத்துச் சொன்னது போலவே இருக்கிறது.

பார்லே பதிவு செய்திருந்தது. வாசகர் செய்யவில்லை. அதனால் ‘வணிகக்குறி மீறல்’ வழக்கு அவருக்குக் கிடையாது. ஆனால் தன் சரக்கை இன்னொருவர் சரக்கு போலக் காட்டி விற்பதைத் தடுக்கும் வழக்கு உண்டு. ‘பாஸிங் ஆஃப்’ என்பார்கள். 1999-ம் வருட வணிகக்குறிச் சட்டமும் அந்த உரிமையை விட்டுவைத்திருக்கிறது. சுமைதான் கூடுதல். தன் எண்ணெய்க்கு அந்த வட்டாரத்தில் பெயர் இருக்கிறது, எதிராளியின் லேபிள் மக்களைக் குழப்புகிறது, அதனால் நஷ்டம் என்று மூன்றையும் அவரே நிரூபிக்க வேண்டும்.

நிரூபிப்பது காகிதத்தால்தான். முதல் வருடத்து பில் புத்தகம், லேபிள் அடித்த பிரஸ்ஸின் ரசீது, உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று, கண்காட்சியில் கடை போட்ட ரசீது எல்லாம் தேடி எடுக்கட்டும். எதிராளியின் பாட்டில் ஒன்றை பில்லோடு வாங்கி, பிரிக்காமல் வைக்கட்டும். சிக்கு வாடை என்று வந்தவர்களிடம் தேதி போட்டு எழுதி வாங்கினால் அதுவே பெரிய சாட்சி. பிறகு வக்கீல் நோட்டீஸ். பல தகராறுகள் அதோடு அடங்கிவிடும். அடங்காவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் தடை உத்தரவு கேட்கலாம். (பிரஸ்காரரே ஒரே டிசைனை இரண்டு பேருக்கும் கொடுத்திருக்கிறாரா என்பதையும் விசாரித்துவிடுவது நல்லது. நடக்கிற விஷயம்தான்.)

தள்ளிப்போடுவது ஆபத்து. 1903 முதல் விற்ற ‘அமிர்ததாரா’ மருந்துக்காரர், 1923 முதல் உத்தரப் பிரதேசத்தில் ‘லட்சுமண்தாரா’ விற்றதைப் பல வருடம் பேசாமல் விட்டார். பெயர்கள் குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கின்றன என்று 1962-ல் ஒப்புக்கொண்ட உச்ச நீதிமன்றமே, அந்த மாநிலத்துக்குள் மட்டும் லட்சுமண்தாராவின் பதிவை அனுமதித்தது.

பதிவையும் இப்போதே தொடங்கலாம். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் ஒரு வகைப் பொருளுக்குக் கட்டணம் 4,500 ரூபாய். பதிவு 10 வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். சமையல் எண்ணெய் 29-ம் வகுப்பு. மஞ்சள் தூள், தேன், வெல்லம் விற்பவருக்கு 30. ‘செக்கு எண்ணெய்’ போன்ற பொதுச் சொல்லை மட்டும் யாரும் தனக்கென்று பிடித்துக்கொள்ள முடியாது. எதிராளி முந்திக்கொண்டு விண்ணப்பித்திருந்தாலும் பயப்பட வேண்டாம். வணிகக்குறி இதழில் அது வெளியான 4 மாதத்துக்குள் ஆட்சேபம் கொடுக்கலாம். அவருக்கு முன்பிருந்தே விற்பவரை அந்தப் பதிவை வைத்து நிறுத்தவும் முடியாது. சான்றிதழ் கைக்கு வரும்வரை, வட்டத்துக்குள் ‘ஆர்’ போடும் குறியை லேபிளில் அச்சடிக்கக் கூடாது. மீறினால் அபராதம் விதிக்கப்படலாம்.