உள்ளத் துயரும் இதய நோயும்

'நெஞ்சு' என்னும் ஒரே சொல்லால் மனத்தையும் மார்பையும் குறித்தனர் நம் முன்னோர். துயர்ச் செய்தி கேட்டு மாண்டவரை 'நெஞ்சு வெடித்து இறந்தார்' என்பது நம்மவர் வழக்கு. அதனை வெறும் மிகைமொழியெனத் தள்ளுதல் தகாது என்பதே எமது கருத்து.

மருத்துவ அறிஞரும் இதற்குச் சான்று பகர்வர். 1990 ஆம் ஆண்டில் யப்பானிய வைத்தியர் ஒரு நோயை விவரித்தனர். பெருந்துயரோ பேரச்சமோ தாக்கியதும் மாரடைப்புப் போன்றே நெஞ்சு நோகும். ஆயினும் அதற்கேற்ற அடைப்பு இதயக் குருதிக் குழாயில் இராது. இதயத்தின் இடது கீழறை நுனி உப்பி, அந்நாட்டு மீனவர் பேய்க்கணவாய் பிடிக்கக் கடலில் இடும் குறுங்கழுத்துப் பானை போலாகும். அப்பானையின் பெயரான 'தக்கோட்சுபோ' என்பதே நோய்க்கும் பெயராயிற்று. பெரும்பாலார் சில வாரங்களிற் குணமடைவர், மாள்வாரும் உளர்.

திடீர்த் துயரின் செய்தி இது. நீடித்த துயரோ ஓசையின்றிக் கொல்வது. இலங்கையும் உள்ளிட்ட 52 நாடுகளில் நடைபெற்று 2004 இல் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்வு, புகைத்தல், நீரிழிவு, உயர் குருதியமுக்கம் என்பவற்றோடு மனநெருக்கடியையும் மாரடைப்புக்குரிய 9 காரணிகளுள் ஒன்றாக வைத்தது. துயருற்றவன் உறக்கத்தை இழக்கிறான், புகையையும் மதுவையும் நாடுகிறான், மருந்துண்ண மறக்கிறான். அவன் உடலும் ஓயாத பதற்றத்தில் உழல்கின்றது.

அதே ஆண்டு டிசம்பர் 26 அன்றுதான் ஆழிப்பேரலை எமது கரையிலும் ஏறியது. போரோ 2009 வரை நீடித்தது. காணாமற்போன மைந்தனின் படத்துக்கு மாலையிட மனம் ஒப்பாத அன்னையர் இத்துறைமுக நகரின் அயலிலும் உளர். அத்தகைய அன்னை குருதியமுக்க மாத்திரைக்காக வைத்தியசாலை வரிசையில் நிற்கும்போது, அவருடைய துயரை வினவுவோர் எத்தனை பேர்?

'அழுதால் மாண்டவர் மீள்வரோ?' என்பர் சிலர். மீளார், ஆனால் எஞ்சியிருப்போரைக் காத்தல் கூடுமன்றோ? நிற்க, இதன் மறுபுறத்தையும் நாம் மறத்தலாகாது. நெஞ்சு நோகின்றது என்பாரை 'எல்லாம் மனக்கவலை' என்று வீட்டில் இருத்துதல் பெரும் பிழை. அடைப்பா அன்றா என்பதை வைத்தியசாலைப் பரிசோதனையே காட்டும், கணமும் தாழ்த்தலாகாது.

நம் கல்லூரி அன்னை வளர்த்த மைந்தருள் வைத்தியரும் ஆசிரியரும் பலர். வைத்தியராயினோர் நாடி பார்க்கும்போதே நலிவையும் கேட்பாராக. ஏனையோர் அயல்வீட்டுத் திண்ணையில் அரைநாழிகை அமர்ந்து, பேசுவாரின் குறையைச் செவிமடுப்போமாக. பொருட்செலவற்ற இத்தொண்டும் விழா ஆண்டில் நாம் ஏற்கத்தக்கதே.